கூட்டு வாழ்விடத்துக்கு விதி எழுதும் முறை: பன்னிரண்டு ஏக்கர், முப்பத்தைந்து பேர்

சேர்ந்து வாழலாம், நம் சோற்றை நாமே விளைவித்துக்கொள்ளலாம் என்று நிலம் வாங்கும் குழுக்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் ஒரு பக்க இலட்சியப் பட்டியல்தான்: இயற்கையோடு இசைவு, சமத்துவம், எளிமை, பகிர்வு. அந்தப் பட்டியலை யாரும் மறுப்பதில்லை. மே மாதம் கிணறு இறங்கும்போது யார் தோட்டத்துக்குத் தண்ணீரை நிறுத்துவது, ஊரில் வேலைக்குப் போகிறவர் அடுப்படி முறையை எப்படி ஈடுகட்டுவது, விலகிப் போகிறவருக்கு எவ்வளவு பணம் திருப்பித் தருவது ஆகிய கேள்விகளுக்கு அதில் பதில் இருக்காது. குழு உடைவது இந்த மூன்றிலும்தான். ஆகவே ஒவ்வொரு கொள்கையையும் அளவோடும் பொறுப்பாளரோடும் எழுத வேண்டும். அதற்கான முறை இது.

கணக்குக்கு ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் உள்மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மி.மீ. மழை பெறும் செம்மண் நிலம், 12 ஏக்கர். பத்துக் குடும்பங்கள், பெரியவர்கள் 22, குழந்தைகள் 13. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

ஒரு கொள்கைக்கு ஐந்து வரி

ஒவ்வொரு கொள்கைக்கும் ஐந்து வரிகள் எழுதுங்கள்: கொள்கை, அளவு, பொறுப்பாளர், சரிபார்க்கும் நாள், மீறினால் என்ன. ஐந்தில் ஒன்றை எழுத முடியவில்லை என்றால் குழு அதை இன்னும் பேசி முடிக்கவில்லை என்று பொருள். அதைத் தனித்தாளில் வையுங்கள், விதி ஏட்டில் சேர்க்காதீர்கள். எட்டு, ஒன்பது கொள்கைகளுக்கு மேல் போனால் யாருக்கும் நினைவில் நிற்காது.

தண்ணீருக்கு எழுதினால் இப்படி வரும்:

கொள்கை: குடிநீரும் கால்நடையும் முதலில், தோட்டம் பிறகு.
அளவு: வீட்டு உபயோகம் ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர். கிணற்றில் நிற்கும் நீரின் உயரம் 4 மீட்டருக்குக் குறைந்தால் புதுக் காய்கறி நடவு கிடையாது; 2 மீட்டருக்குக் குறைந்தால் காய்கறிப் பாசனம் முழுதும் நிற்கும், கன்று மரங்களுக்கு மட்டும் குடத்தில் ஊற்றலாம்.
பொறுப்பாளர்: நீர்க்கட்டி, ஓராண்டுக்கு ஒருவர்.
நாள்: வெள்ளிதோறும் காலை, மோட்டார் போடுவதற்கு முன், மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றால் அளந்து சமையல்கூடப் பலகையில் எழுதுதல்.
மீறினால்: முதல் முறை கூட்டத்தில் பேச்சு, இரண்டாம் முறை அந்த வீட்டுத் தோட்டக் குழாய்க்கு ஒரு மாதம் பூட்டு.

நீர்க்கட்டி என்ற பெயரை ஏரிப்பாசன ஊர்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மடை திறப்பதும் முறை வைப்பதும் அவர் கையில் இருந்ததால்தான் கடைமடைக்கும் தண்ணீர் போனது. உங்கள் நீர்க்கட்டி யாரிடமும் அனுமதி கேட்காமல் குழாயை மூடலாம் என்று எழுதுங்கள். அந்த அதிகாரம் இல்லாவிட்டால் ஒவ்வொரு கோடையிலும் ஒரு கூட்டம் கூட்டி, அது முடிவதற்குள் கிணற்றைக் காலி செய்வீர்கள்.

நிலம் பார்க்கும்போதே

நிலத்தை மே மாதம் ஒரு முறையும் நவம்பரில் ஒரு முறையும் பாருங்கள். மே மாதத்தில் அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தைக் கேட்டு அறியலாம். நவம்பரில் எந்தப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது, எந்த வழியாக ஓடுகிறது என்று தெரியும். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம் எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்கோ வண்டிப்பாதையோ நிலத்துக்குள் ஓடினால் அது ஊருக்கு உரியது. வேலி போட்டு அடைத்துவிட்டால் ஊரோடு உள்ள உறவு முதல் வாரத்திலேயே கெட்டுவிடும்.

பஞ்சமி நிலமா என்று கட்டாயம் பாருங்கள். 1892 அரசாணையின் வழியே தலித் மக்களுக்கு நிபந்தனையோடு ஒதுக்கப்பட்ட நிலங்கள் பல ஊர்களில் கை மாறிக் கிடக்கின்றன. அந்த நிலம் மற்றவர்களுக்கு விற்கப்பட்டால் விற்பனையே செல்லாமல் போகலாம். சட்டச் சிக்கலை விடுங்கள். அடுத்தவரிடம் பறிபோன நிலத்தில் சமத்துவ வாழ்வு தொடங்க முடியாது.

உரிமையை யார் பெயரில் வைப்பது? ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரிக்கப்படாத பங்கு என்று பத்திரம் எழுதுவது எளிது. ஆனால் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றதும் கூட்டு குலைந்துவிடும். அறக்கட்டளை என்றால் அதிகாரம் அறங்காவலர்கள் சிலரிடம் நிற்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆளுக்கு ஒரு வாக்கு. இந்த அளவுக் குழுவுக்குச் சங்கமே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஆண்டுப் பொதுக்குழுவும் கணக்குத் தாக்கலும் தவறக் கூடாது. நில உச்சவரம்பு, விவசாய நிலத்தில் வீடு கட்டும் அனுமதி இரண்டையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தன்னிறைவை எடை போடுதல்

‘முழுத் தன்னிறைவு’ என்று எழுதுவதற்கு முன் தராசில் வைத்துப் பாருங்கள்.

முதலில் மழை. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். வீடுகளும் பொதுக்கட்டடமும் சேர்ந்து 800 சதுர மீட்டர் கூரை, 800 மி.மீ. மழை, ஐந்தில் ஒரு பங்கு கழிவு என்றால் ஆண்டுக்கு 5,12,000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் வீதம் 35 பேருக்கு 120 வறண்ட நாட்களுக்கு 42,000 லிட்டர் போதும். ஆகவே 50,000 லிட்டர் மூடிய தொட்டி ஒன்று கட்டினால் கோடையில் குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. முதல் மழையின் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே தள்ள ஒரு கிளைக்குழாய் வையுங்கள். தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும்.

அடுத்து பண்ணைக்குட்டை. மேலே 30×30 மீட்டர், ஆழம் 3 மீட்டர், கரைச்சரிவு ஒன்றுக்கு ஒன்றரை (ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்வாங்கல்) என்று வெட்டினால் ஏறத்தாழ 19.7 லட்சம் லிட்டர் பிடிக்கும். கோடையில் நாளுக்கு 5, 6 மி.மீ. ஆவியாகும், நான்கு மாதத்தில் 70 செ.மீ. போய்விடும். செம்மண்ணில் ஊறிப்போவது தனி. ஒரு ஏக்கர் நெல்லுக்கு 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும் என்றால் அது 48 லட்சம் லிட்டருக்கு மேல். குட்டை முழுதையும் இறைத்தாலும் அரை ஏக்கர் நெல்கூட விளையாது. நெல்லை விட்டுவிடுங்கள். குட்டையைச் சுற்றி இருக்கும் கிணறு ஊறுவதுதான் அதன் முதன்மைப் பயன்.

சாப்பாட்டுக் கணக்கு இன்னும் கறாரானது. ஆளுக்குச் சராசரியாக நாளுக்கு 350 கிராம் தானியம் என்றால் 35 பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,470 கிலோ. பருப்பு 40 கிராம் வீதம் 510 கிலோ. மானாவாரியில் ஏக்கருக்கு 200 முதல் 250 கிலோ விளைந்தால் அதற்கு இரண்டேகால் ஏக்கர். எண்ணெய் மாதம் அரை லிட்டர் வீதம் ஆண்டுக்கு 210 லிட்டர். செக்கில் லிட்டருக்கு இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும், அதாவது தோலோடு 750 கிலோ, ஒன்றரை ஏக்கர். காய்கறிக்கு அரை ஏக்கர் சொட்டுநீர். வீடு, பாதை, குட்டை, பழமரம், தீவனம் போக மிஞ்சுவது மூன்றரை ஏக்கர். அதில் ராகியும் சாமையும் போட்டால், உமி நீக்கி ஏக்கருக்கு 400 கிலோ என்று தாராளமாக வைத்தாலும் 1,400 கிலோ. தேவையில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை.

ஆகவே கொள்கையை இப்படி எழுதுங்கள்: காய்கறி, பருப்பு, எண்ணெய் நம் நிலத்திலிருந்து, தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு சுற்று ஊர் உழவர்களிடமிருந்து, விதைப்பதற்கு முன்பே விலை பேசி. ஊரிடம் வாங்குவதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. வறண்ட ஆண்டில் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த உறவுதான்.

சாண எரிவாயுவில் எல்லாரும் ஏமாறுவார்கள். 2 கன மீட்டர் கலன் ஐந்தாறு பேருக்குச் சமைக்கும். அதற்கு நாளுக்கு 50 கிலோ சாணம், அதாவது ஐந்து மாடு. 35 பேர் அடுப்புக்கு 25 மாட்டுக்கு மேல் கட்ட வேண்டும். அத்தனை மாட்டுக்கு இங்கே தீவனமும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஐந்து மாடு வைத்துக்கொண்டு, கலனைப் பால் காய்ச்சவும் காலை டீக்கும் பயன்படுத்துங்கள். பெரிய சமையலுக்குப் புகைபோக்கியோடு கூடிய விறகடுப்பும், வேலியோர மரங்களிலிருந்து ஆண்டுதோறும் முறை வைத்து வெட்டும் விறகும் சரியாக இருக்கும். மின்சாரத்துக்குச் சூரியப் பலகை ஒரு கிலோவாட் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். விவசாய இலவச மின் இணைப்பிலிருந்து வீட்டுக்கு வயர் இழுக்காதீர்கள். அது விதிமீறல், பிடிபட்டால் அபராதத்தோடு பம்புசெட் இணைப்பும் போகும்.

விதைக்கு அளவு இவ்வளவு போதும்: ஒவ்வொரு விதையும் மூன்று வீடுகளில், அடுத்த இரண்டு போகத்துக்கு. பயறு வண்டு விழுந்தாலோ எலி புகுந்தாலோ ஒரு வீட்டோடு போகும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பது இன்றும் நல்ல வழி. சேமிக்கும் முன் பல்லில் கடித்தால் மணி ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் இரண்டு நாள் வெயில் தேவை.

யார் சமைப்பது, யார் கழுவுவது

ஒரு வாரத்தில் இந்த இடம் கேட்கும் வேலையை மணியில் எழுதுங்கள். கூட்டுச் சமையல் 90, காய்கறித் தோட்டம் 56, மானாவாரி ஆண்டுச் சராசரியாக 60, மாடு 42, குழந்தைகளைப் பார்த்தல் 40, பழுதுவேலை 20, கழிப்பறையும் பொதுச் சுத்தமும் 14, கணக்கு 8. கூட்டினால் 330. பெரியவர் 22 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு வாரம் 15 மணி. வெளிவேலைக்குப் போகிறவருக்கும் இது தாங்கும். ஆனால் பட்டியலில் சமையலும் குழந்தையும் வேலையாக எழுதப்படாவிட்டால் மீதி 200 மணி மட்டும் ‘வேலை’ என்று ஆகும். 130 மணியைப் பெண்கள் கணக்கில் வராமலே சுமப்பார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967இல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் கூட்டு வாழ்விடத்தில் டோஃபு (சோயா பன்னீர்) செய்வது போலச் சம்பாதிக்கும் வேலைக்கும் அடுப்படி வேலைக்கும் ஒரு மணி என்பது ஒரே மதிப்பு. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த இடம் நிற்பதற்கு இந்தக் கணக்கு பெரிய காரணம்.

கழிப்பறை முறையில் யாருக்கும் விலக்கு வேண்டாம். பணம் கட்டி ஒதுங்கவும், கூலிக்கு ஆள் வைத்து மாற்றவும் இடம் கொடுக்காதீர்கள். நம் ஊரில் அந்த வேலைக்கு யாரை அழைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சாதியை வாசலில் விட்டுவிட்டோம் என்று சொல்லும் குழு, அதை முதலில் இங்கேதான் காட்ட வேண்டும். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கரில் காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. அங்கே வேலைக்காரர் கிடையாது. சமையலிலிருந்து மலம் அகற்றுவது வரை எல்லாம் தங்கள் கையால். சொந்த வேலையாக நகரத்துக்குப் போகிறவர் 21 மைலையும் நடந்தே போக வேண்டும் என்றும் விதி இருந்தது. செலவு குறைந்தது, பயணமும் குறைந்தது. அதுவும் அளவோடு எழுதிய விதிதான்.

இரட்டைக்குழிக் கழிப்பறை என்றால் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளியும், நிலச்சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாகவும் அமையுங்கள். ஒரு குழி நிரம்பியதும் மூடி, இரண்டு ஆண்டு விட்டால் மண்போல் ஆகும். இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் வழி திறந்து வைப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. அப்போது இரண்டும் ஒன்றாக நிரம்பிவிடும்.

அறுவடைக்குக் கூலியாட்கள் வந்தால் ஊர்க் கூலிக்குக் குறையாமல், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை, ஒரே பந்தியில் ஒரே மாதிரித் தட்டில் சாப்பாடு. இதையும் ஏட்டில் எழுதுங்கள்.

பணம்

மாதப் பொதுச்செலவு 1,42,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரியவருக்கு ஒரு பங்கு, குழந்தைக்கு அரைப்பங்கு என்றால் 28.5 பங்கு, பங்குக்கு 5,000. நேர்மையாகத் தோன்றும், ஆனால் 10,000 சம்பாதிப்பவருக்கு அது வருமானத்தில் பாதி, 60,000 சம்பாதிப்பவருக்குப் பன்னிரண்டில் ஒன்று. பாதியைச் சமமாகவும் பாதியை வருமான விழுக்காட்டிலும் வாங்குங்கள். எல்லாருடைய வருமானமும் சேர்ந்து 4,75,000 என்றால் பங்குக்கு 2,500. அதோடு வருமானத்தில் 15 விழுக்காடு. முதல் நபர் 4,000 கட்டுவார், இரண்டாமவர் 11,500. இதற்கு வருமானத்தைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர் சேராமல் இருப்பது இருதரப்புக்கும் நல்லது.

ஆறு மாதச் செலவு, அதாவது 8,55,000 ரூபாய், கையிருப்பாக வங்கியில் நிற்காமல் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. கடன் வாங்கி வளர வேண்டாம் என்றும் எழுதுங்கள். 1910இல் தெகானியாவில் தொடங்கிய இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைகள் 1980களின் கடன் நெருக்கடியில் சிக்கின. அதன் பிறகு அவற்றில் பெரும்பாலானவை சம பங்கைக் கைவிட்டு, வேலைக்கேற்ற வெவ்வேறு சம்பளத்துக்கு மாறிவிட்டன.

விலகல் விதியை எல்லாரும் ஒற்றுமையாக இருக்கும் முதல் மாதத்திலேயே எழுதுங்கள். எங்கள் பரிந்துரை: ஆறு மாத முன்னறிவிப்பு, சேரும்போது கட்டிய வைப்புத்தொகை அப்படியே, வீட்டுக்குக் கட்டிய செலவில் ஆண்டுக்கு 4 விழுக்காடு கழித்து. 6 லட்சத்தில் கட்டிய வீட்டை எட்டு ஆண்டு கழித்து விட்டுப் போனால் 4,08,000 ரூபாய், 36 மாதத் தவணையில். நிலத்தின் சந்தை விலை யாருக்கும் கிடையாது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால், சுற்றுவட்டாரத்தில் நெடுஞ்சாலை வந்து விலை ஏறியதும் விலகுகிறவர் பங்கைக் கேட்பார், மற்றவர்கள் நிலத்தை விற்றுத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

முடிவு எடுப்பது

செலவுக்கு வரம்பு கட்டினால் பாதிக் கூட்டம் குறையும்: 5,000 ரூபாய் வரை பொறுப்பாளரே, அதற்கு மேல் வாரக் கூட்டம், 50,000க்கு மேல் என்றால் இரண்டு வார இடைவெளியில் இரண்டு கூட்டம். பெரிய முடிவுகளில் ஒவ்வொருவரும் ஒப்புகிறேன், ஒதுங்கிக்கொள்கிறேன், தடுக்கிறேன் என்று மூன்றில் ஒன்றைச் சொல்லட்டும். தடுப்பவர், ஏட்டில் உள்ள எந்தக் கொள்கைக்கு அந்த முடிவு முரண் என்று காட்டி, இரண்டு வாரத்தில் மாற்றுவழி கொண்டுவர வேண்டும். மூன்றாவது கூட்டத்திலும் தீராவிட்டால் நான்கில் மூன்று பங்கு வாக்கு. இந்தக் கடைசிப் படி இல்லாவிட்டால் ஒருவரின் பிடிவாதத்தில் ஊரே நிற்கும்.

பொறுப்புக் காலத்துக்கு உத்திரமேரூரைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி வாரியப் (ஊர்க் குழுப்) பொறுப்பு ஓராண்டு. மூன்றாண்டுக்குள் பொறுப்பில் இருந்தவர் பெயர் குடவோலையில் ஏறாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர்கள். நிலமுள்ள பிராமணர்களுக்கு மட்டும் உரிய சபை அது. அந்தத் தகுதி வரம்பு நமக்கு ஆகாது. ஓராண்டும் இடைவெளியும் கணக்கும் அப்படியே ஆகும். நீர், நிலம், சமையல், கணக்கு, பராமரிப்பு என்று ஐந்து பொறுப்பு, ஓராண்டுப் பணி, மூன்றாண்டு ஓய்வு என்றால் சுற்று முடிய 20 பேர் வேண்டும். 22 பேருக்குச் சரியாக வரும். அதற்குக் குறைந்தால் ஓய்வை இரண்டாண்டாக்குங்கள்.

இறுதிச் சொல் எந்த அவைக்கு என்பதைச் சந்தேகமின்றி எழுதுங்கள். 1968இல் தொடங்கிய ஆரோவிலுக்கு 1988இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. இருந்தும் ஆட்சிக் குழுவுக்கா, குடியிருப்போர் பேரவைக்கா அதிகாரம் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

மனத்தாங்கலுக்குக் காலக்கெடு வையுங்கள்: மூன்று நாளுக்குள் நேரில் பேச்சு, ஏழு நாளுக்குள் இருவரும் ஒப்புக்கொண்ட ஒருவர் முன்னிலையில், பிறகு முன்கூட்டியே பெயர் குறித்து வைத்த வெளியாள். அடிதடியும் பாலியல் அத்துமீறலும் இந்தப் படிகளுக்குள் வராது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அறிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். ‘நமக்குள் பேசிக்கொள்வோம்’ என்பது அங்கே குற்றத்தை மறைப்பது.

சேர்ப்பதும் திருத்துவதும்

மூன்று வாரம் விருந்தாளி, பிறகு ஓராண்டு சோதனை உறுப்பினர். ஓராண்டு ஏன் என்றால் ஒரு கோடையையும் ஒரு ஐப்பசி மழையையும் இங்கே கழித்திருக்க வேண்டும். சோதனைக் காலத்தில் வைப்புத்தொகையும் வாங்காதீர்கள், வீடு கட்டவும் விடாதீர்கள். பணம் உள்ளே போய்விட்டால் இருதரப்பும் உண்மையைச் சொல்லத் தயங்கும்.

தை அறுவடை முடிந்ததும் ஏட்டை எடுத்து, ஒவ்வொரு கொள்கைக்கும் அந்த ஆண்டின் அளவை எதிரே எழுதுங்கள். எட்டாத அளவை இரண்டாண்டு தொடர்ந்து சகித்துக்கொண்டிருந்தால் அளவை மாற்றுங்கள், அல்லது வேலை செய்யும் விதத்தை மாற்றுங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை எல்லா விதியும் காலாவதியாகும் என்று வையுங்கள். வேண்டியதை மறுபடி நிறைவேற்ற வேண்டும். புதிதாக வந்தவர்களும் அப்போது தாங்கள் ஒப்புக்கொண்ட விதியின் கீழ் வாழ்வார்கள்.

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு 18 வயதானதும் அவர்களிடம் கேளுங்கள். பெற்றோரின் உறுப்பினர் உரிமை பிள்ளைக்குத் தானாக இறங்காது. விருப்பம் உண்டானால் சோதனை ஆண்டு இல்லாமல், வைப்புத்தொகை இல்லாமல், முழு வாக்கோடு சேரலாம். வெளியே படிக்கவோ வேலைக்கோ போனால் ஐந்தாண்டு வரை அந்த இடம் அவர்களுக்காகத் திறந்திருக்கும் என்றும் எழுதி வையுங்கள்.